பிரிட்டன் விசா வந்த வழி

பிரிட்டனில் வந்திறங்கும் வெளிநாட்டார் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளும் ஏற்பாடு 1793-ல் தொடங்கியது. அதற்கு முன்பு அரசர்கள் வேண்டாதவர்களை விரட்டியதுண்டு. 1290-ல் முதலாம் எட்வர்டு யூதர் அனைவரையும் நாட்டைவிட்டு வெளியேற்றினார். வணிகர்களுக்கு மட்டும் வழி திறந்தே இருந்தது. 1215-ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவிலேயே அயல்நாட்டு வணிகர் பத்திரமாக வந்துபோக உரிமை தரும் பிரிவு ஒன்று உண்டு. வந்தவரைக் கரையிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது பிரெஞ்சுப் புரட்சி. 1792 செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் படுகொலைகள் நடந்தபின் பாதிரிமார்களும் பிரபுக்களும் கூட்டங்கூட்டமாக ஆங்கிலக் கால்வாயைத் தாண்டித் தென்கரைத் துறைமுகங்களில் இறங்கினார்கள். அவர்களோடு புரட்சியின் ஒற்றர்களும் வந்திருப்பார்கள் என்று லண்டன் அஞ்சியது. அந்த டிசம்பரில் வெளியுறவு அமைச்சர் கிரென்வில் பிரபு அந்நியர் மசோதாவைக் கொண்டுவந்தார். மக்களவையில் அதன்மீது பேசிய எட்மண்ட் பர்க், மறைத்து வைத்திருந்த ஒரு குத்துவாளை எடுத்துத் தரையில் வீசியெறிந்தார். பிரான்சுடன் கூட்டு வைத்தால் கிடைக்கப்போவது இதுதான் என்பது அவர் வாதம். எதிர்க்கட்சியினர் சிரித்தார்கள். ஆனாலும் 1793 ஜனவரியில் மசோதா சட்டமாயிற்று.

அந்தச் சட்டத்தின்படி கப்பல் தலைவர் தம் கப்பலில் வந்த அந்நியர்களின் கணக்கைச் சுங்க அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், தவறினால் அபராதம். வந்தவர் தம் பெயர், தகுதி, தொழில் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தை விட்டு உள்நாட்டுக்குப் போக அனுமதிச்சீட்டு வேண்டும். வேண்டாதவரை வெளியேற்றும் அதிகாரம் அமைச்சருக்கு இருந்தது. இதற்காகவே உள்துறையில் அந்நியர் அலுவலகம் ஒன்று அமைந்தது. 1794-ல் அதன் கண்காணிப்பாளராக வில்லியம் விக்கம் நியமிக்கப்பட்டார். வெளிநாட்டாரின் பெயர்ப் பட்டியலை வைத்திருந்த அதே அலுவலகம் விரைவிலேயே ஐரோப்பா முழுவதும் உளவு வேலை பார்க்கும் இடமாகவும் மாறியது. சட்டத்தின் கையில் சிக்கியவர்களில் பேர்பெற்றவர் டாலிராண்ட். பின்னாளில் நெப்போலியனின் வெளியுறவு அமைச்சரான அவர், அப்போது லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1794 ஜனவரியில் ஐந்து நாளில் வெளியேறும்படி உத்தரவு வந்தது. அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

நெப்போலியன் போர்கள் ஓய்ந்தபின் இந்தக் கெடுபிடி தளர்ந்தது. 1826-லும் 1836-லும் வந்த சட்டங்கள் வருகைப் பதிவோடு நின்றுகொண்டன. பதிவும் பெரும்பாலும் ஏட்டளவில்தான். 1820-களின் நடுவிலிருந்து அந்த நூற்றாண்டு முடியும்வரை பிரிட்டன் தன் கரைக்கு வந்த அகதி எவரையும் திருப்பி அனுப்பவில்லை. இன்றைய லண்டன் விமான நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு இது நம்பக் கடினமான செய்தி. 1848-ல் ஐரோப்பாவெங்கும் புரட்சி வெடித்தபோது, விரட்டப்பட்ட பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பும் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கும் இங்கிலாந்துக்கு ஓடிவந்தார்கள். புரட்சி தோற்றதும், அவர்களை விரட்டியவர்களும் அங்கேயே வந்து சேர்ந்தார்கள். கார்ல் மார்க்ஸ் 1849-ல் லண்டன் வந்தார். யாரும் அவரிடம் விசா கேட்கவில்லை. 1848-ல் அவசரமாக ஒரு வெளியேற்றச் சட்டம் இரண்டாண்டுக் கெடுவோடு இயற்றப்பட்டது. அதன்கீழ் ஒருவரும் வெளியேற்றப்படவில்லை.

இதில் மனிதநேயத்தைவிட அகம்பாவத்துக்குப் பங்கு அதிகம் என்று சொல்லலாம். கண்டத்து அரசுகள்தான் போலீசையும் கடவுச்சீட்டையும் வைத்துக் குடிமக்களை மிரட்டும். ஆங்கிலேயருக்கு அது இழுக்கு என்ற எண்ணம் இருந்தது. 1858 ஜனவரியில் இத்தாலியரான ஓர்சினி பாரிசில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன்மீது குண்டு வீசினார். சதி லண்டனில் உருவானது. குண்டுகள் பர்மிங்காமில் செய்யப்பட்டவை. பிரான்ஸ் கொதித்தெழுந்தது. பிரதமர் பாமர்ஸ்டன், இப்படிச் சதி செய்வோரைக் கடுமையாகத் தண்டிக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்நிய அரசனுக்குப் பணிவதா என்று மக்களவை சீறி மசோதாவைத் தோற்கடித்தது. பாமர்ஸ்டன் பதவி விலகினார். அகதிகளைக் கட்டுப்படுத்த முயன்றதற்காகப் பிரிட்டிஷ் அரசு ஒன்று கவிழ்ந்தது அப்போதுதான்.

1881-ல் ரஷ்யப் பேரரசில் ஜார் மன்னர் கொல்லப்பட்டபின் யூதர்மீது தாக்குதல்கள் தொடர்ந்தன. அங்கிருந்து கிளம்பியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா சென்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டனிலேயே தங்கினார்கள். லண்டனின் கிழக்குப் பகுதியில் வைட்சாப்பல், ஸ்டெப்னி தெருக்களில் தையல் கடைகளும் செருப்புப் பட்டறைகளும் நிறைந்தன. வீட்டு வாடகை ஏறியது. கூலி குறைந்ததாகப் புகார் எழுந்தது. 1901-ல் உருவான பிரிட்டிஷ் சகோதரர் சங்கம் என்ற அமைப்பு ஊர்வலம் போனது. ஸ்டெப்னியின் நாடாளுமன்ற உறுப்பினர் மேஜர் இவான்ஸ்-கார்டன் அதன் குரலை அவைக்குக் கொண்டுசென்றார். அரசு விசாரணைக் குழு 1903-ல் அறிக்கை தந்தது. பிரதமர் பால்ஃபோரின் அரசு 1905-ல் அந்நியர் சட்டத்தை நிறைவேற்ற, 1906 ஜனவரி 1-ல் அது நடைமுறைக்கு வந்தது. யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைய ஆதரவு தருவதாக 1917-ல் அறிவித்த பால்ஃபோரும் இவரே.

1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் உறுப்புகள் பல இன்றும் உயிரோடிருப்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். துறைமுகங்களில் குடிவரவு அதிகாரி என்ற புதிய பதவி உருவானது. தன்னையும் குடும்பத்தையும் காப்பாற்ற வழியில்லாதவர், மனநோய் உள்ளவர், பொதுச் செலவுக்குச் சுமையாகக்கூடிய நோயாளி, வெளிநாட்டில் கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் ஆகியோரை அவர் தடுக்கலாம். வழி இருக்கிறது என்று காட்ட ஒருவர் கையில் 5 பவுண்டும், அவரைச் சார்ந்தவர் ஒவ்வொருவருக்கும் 2 பவுண்டும் இருக்க வேண்டும் என்று அளவு வைக்கப்பட்டது. தடுக்கப்பட்டவர் துறைமுகத்திலேயே இருந்த குடிவரவு வாரியத்திடம் முறையிடலாம். அரசியல், மதக் காரணங்களால் துன்புறுத்தலுக்கு அஞ்சி வருபவரை வறுமையை மட்டும் காட்டித் திருப்பக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. சோதனை எல்லோருக்கும் இல்லை. இருபதுக்கு மேற்பட்ட அந்நியர்களைக் கீழ்த்தட்டில் ஏற்றிவரும் கப்பல்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அறை எடுத்துப் பயணம் செய்தவரை யாரும் நிறுத்தவில்லை. ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் போய், அங்கிருந்து அமெரிக்கக் கப்பல் ஏறுபவர்களுக்கும் விலக்கு இருந்தது. கப்பல் நிறுவனங்களுக்கு அது பெரிய வருமானம். ஆக, பிரிட்டனின் முதல் நவீனக் குடிவரவுச் சட்டம் பயணச்சீட்டின் விலையைப் பார்த்து மனிதரைப் பிரித்தது.

1914 ஆகஸ்ட் 4-ல் ஜெர்மனிமீது போர் அறிவிப்பு வந்தது. மறுநாளே அந்நியர் கட்டுப்பாட்டுச் சட்டம் எல்லாக் கட்டங்களையும் ஒரே நாளில் தாண்டி நிறைவேறியது. எந்த அந்நியரும் எங்கே இறங்கலாம், எங்கே வசிக்கலாம், எப்போது வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் அரசு ஆணையாலேயே தீர்மானிக்க முடிந்தது. அடுத்த ஆண்டு, வருபவர் புகைப்படம் ஒட்டிய கடவுச்சீட்டு கொண்டுவர வேண்டும் என்றாயிற்று. அதே வேளையில் பெல்ஜியத்திலிருந்து இரண்டரை லட்சம் அகதிகள் வந்து தங்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்ததும் சட்டமும் முடியும் என்றே பலர் நினைத்தார்கள். 1919-ல் அதை ஓராண்டுக்கு நீட்டினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் நீட்டி நீட்டி 1971 வரை கொண்டுவந்துவிட்டார்கள்.

நீட்டிக்கப்பட்ட அந்தச் சட்டத்தின்கீழ் வந்ததுதான் 1920-ஆம் ஆண்டின் அந்நியர் ஆணை. கீழ்த்தட்டு, மேல்தட்டு வேறுபாடு போயிற்று. இப்போது எல்லா அந்நியரும் குடிவரவு அதிகாரியின் அனுமதி பெற்றே இறங்க வேண்டும். முறையிட்டுக்கொள்ளும் வாரியங்களும் போயின. வேலைக்கு வருபவருக்காக முதலாளி தொழிலமைச்சகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். இன்றைய வேலை விசாவின் மூலம் இதுவே. தங்குபவர் போலீசில் பதிய வேண்டும். விடுதிக்காரர் விருந்தினரின் பெயரேடு வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன கடமை வேறு ஆணையின் பெயரில் இன்றும் தொடர்கிறது.

அதே 1920-ல் பாரிசில் நாடுகளின் சங்கம் கூட்டிய மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. நீல அட்டை போட்ட பிரிட்டிஷ் புத்தகம் அதன் விளைவு. போருக்கு முன்பு கடவுச்சீட்டே இல்லாமல் ஐரோப்பாவைச் சுற்றியவர்கள், இனிப் போகும் நாட்டின் அலுவலகத்தில் முத்திரையும் வாங்க வேண்டியதாயிற்று. இந்த முத்திரைகளை வழங்கப் பிரிட்டன் வெளிநாட்டு நகரங்களில் கடவுச்சீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளை அமர்த்தியது. அவர்களில் பலர் உண்மையில் உளவுத்துறையினர்; விசா மேசை அவர்களுக்கு நல்ல மறைவாக அமைந்தது. விக்கம் காலத்துப் பழக்கம் நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. 1920-களில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றோடு பிரிட்டன் விசாவை ஒன்றுக்கொன்று ரத்து செய்துகொண்டது. ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் விசா இன்றியே வந்தார்கள்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். மே மாதத்தில் ஜெர்மன், ஆஸ்திரியக் கடவுச்சீட்டுகளுக்குப் பிரிட்டன் மீண்டும் விசாவைக் கட்டாயமாக்கியது. காரணத்தை அதிகாரிகள் மறைக்கவில்லை. டோவர் துறைமுகத்தில் வந்து நிற்கும் யூதரைத் திருப்பி அனுப்புவது கடினம், பார்ப்பவர் மனத்தையும் உறுத்தும். வியன்னாவிலேயே விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. எல்லைக்கோடு கரையிலிருந்து தூதரகத்துக்கு நகர்ந்த தருணம் என்று இதைக் குறிக்கலாம். பின்னால் வந்த விசா விதிகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் அடியில் இதே கணக்குத்தான் இருந்தது.

ஆனால் தூதரகத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தும் சில காரியங்கள் மாறும். பெர்லினில் கடவுச்சீட்டு அதிகாரியாக இருந்த ஃபிராங்க் ஃபோலி, விதிகளை வளைத்தும் சில நேரம் மீறியும் ஆயிரக்கணக்கான யூதருக்கு விசா கொடுத்தார். உளவாளியான அவருக்குத் தூதரகப் பாதுகாப்புகூட இல்லை. வீட்டு வேலைக்காரியாக வர ஒப்புக்கொண்ட பெண்களுக்கு விசா எளிதில் கிடைத்ததால், நல்ல படிப்புப் படித்த பெண்களும் ஆங்கில வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் வந்து சேர்ந்தார்கள். சுமார் 20,000 பேர் இந்த வழியில் தப்பினார்கள். 1938 டிசம்பர் 2-ல் ஹாரிச் துறைமுகத்தில் இறங்கிய, ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பிய யூதக் குழந்தைகளின் முதல் குழுவுக்கு விசா தேவைப்படவில்லை. ஓர் அடையாள அட்டை போதுமென்று அரசு இணங்கியது. போர் தொடங்கும்வரை சுமார் 10,000 குழந்தைகள் இப்படி வந்தார்கள். பெற்றோருக்கு அந்தச் சலுகை இல்லை. பின்பு ஒவ்வொரு குழந்தைக்கும் 50 பவுண்டு பிணை கேட்கப்பட்டது.

இதுவரை சொன்னவை அந்நியருக்கான விதிகள். பேரரசின் குடிகளான இந்தியரும் இலங்கையரும் சட்டப்படி அந்நியர் அல்லர். மன்னரின் பிரஜைகள் என்ற முறையில் பிரிட்டனுக்குள் தடையின்றி நுழையலாம். நடைமுறையில் இந்தத் தாராளத்துக்கு வேறு பூட்டுகள் இருந்தன. இந்தியாவிலேயே கடவுச்சீட்டு தர மறுப்பது ஒரு வழி. 1925-ல் வந்த கறுப்பின மாலுமிகள் ஆணை இன்னொரு வழி; பிரிட்டிஷ் பிரஜை என்று காகிதத்தில் நிரூபிக்க முடியாத, லாஸ்கர் எனப்பட்ட தெற்காசிய மாலுமிகளையும் அது அந்நியராகப் பதிவு செய்யவைத்தது. 1948-ல் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம் காமன்வெல்த் மக்கள் அனைவருக்கும் நுழைவுரிமையை உறுதிசெய்தது. அந்த ஆண்டு ஜூன் 22-ல் ஜமைக்காவிலிருந்து வந்த எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் டில்பரியில் பயணிகளை இறக்கியது. 1950-களில் இந்திய, பாகிஸ்தான் அரசுகளைக் கடவுச்சீட்டு வழங்குவதில் கெடுபிடி காட்டும்படி பிரிட்டன் கேட்டுக்கொண்டது, அவையும் ஒத்துழைத்தன. தன் சட்டத்தை மாற்றாமல் பிறர் கையால் வாசலை அடைத்த காலம் அது.

1962 ஜூலை 1-ல் அந்தத் திரையும் விலகியது. காமன்வெல்த் குடிவரவாளர் சட்டம் வேலை அனுமதிச்சீட்டுகளை மூன்று வகையாகப் பிரித்தது. குறிப்பிட்ட வேலை கைவசமிருப்பவருக்கு ஏ. மருத்துவர், ஆசிரியர் போன்ற தகுதியுடையோருக்கு பி. மற்றவர்களுக்கு வரிசைப்படி சி. சில ஆண்டுகளில் சி வகை மூடப்பட்டது. 1965-ல் மொத்த எண்ணிக்கை ஆண்டுக்கு 8,500 என்று குறைக்கப்பட்டது. பி வகையில் வந்த தெற்காசிய மருத்துவர்களைத் தேசிய மருத்துவச் சேவை இரு கை நீட்டி வரவேற்றது. 1968-ல் கென்யாவிலிருந்து பிரிட்டிஷ் கடவுச்சீட்டுடனேயே இந்திய வம்சாவளியினர் வரத் தொடங்கியபோது, மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேறியது. தானோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருந்தால்தான் தன் சொந்தக் கடவுச்சீட்டுக்கே மதிப்பு என்றது அது. இனப் பாகுபாடு என்று ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் பிறகு கண்டித்தது. 1971-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் இந்த வம்சாவளி விதியைப் பொதுவாக்கி, காமன்வெல்த்தினரையும் அந்நியரையும் ஒரே கட்டுக்குள் கொண்டுவந்தது. அது நடைமுறைக்கு வந்தது 1973 ஜனவரி 1-ல். பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்ததும் அதே நாளில்தான். பஞ்சாபியருக்கும் யாழ்ப்பாணத்தவருக்கும் கதவு ஒருக்களித்த அன்று இத்தாலியருக்கு அது திறந்தது. இன்றும் எல்லா விசா விதிகளும் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அடியிலேயே நிற்கின்றன.

1970-களில் காமன்வெல்த் நாட்டவர் பிரிட்டனைச் சுற்றிப் பார்க்கப் போக விசா தேவையில்லை. நிரந்தரமாகக் குடியேறப் போகும் மனைவி மக்களுக்கு மட்டும் நுழைவுச் சான்றிதழ் வேண்டும். 1969-லிருந்து அது கட்டாயம். இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலும் பஞ்சாபிலும் குடும்பங்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் காத்திருந்தன. பிள்ளையின் வயதை நம்பாமல் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மணம் முடிக்க வரும் பெண்ணுக்குச் சான்றிதழ் தேவையில்லாதிருந்ததே ஓர் அவமானத்துக்கு வழிவகுத்தது. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, ஏற்கெனவே மணமானவரா என்று அறிய மருத்துவர் ஒருவர் கன்னித்தன்மைச் சோதனை செய்தார். கார்டியன் நாளிதழ் அதை வெளியிட்டதும் உள்துறை அமைச்சர் அந்த வழக்கத்தைத் தடை செய்தார். இப்படிப்பட்ட சோதனைகள் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அலுவலகங்களிலும் பல பெண்களுக்குச் செய்யப்பட்டிருந்தது பின்னாளில் அரசு ஆவணங்களிலிருந்தே வெளிப்பட்டது. 1980-களில் கணவர்களுக்கு வேறொரு சோதனை வந்தது: திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்று மணமகன் நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை நிரூபிக்கச் சொன்ன இந்த விதி 1997-ல்தான் நீங்கியது.

காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்கள் அனைவருக்கும், சுற்றுலாப் பயணி உட்பட, விசாவைக் கட்டாயமாக்கிய முதல் நிகழ்வு 1985 மே மாதத்தில் நடந்தது. அந்த நாடு இலங்கை. தமிழருக்கு எதிரான 1983 கறுப்பு ஜூலை வன்முறைக்குப் பிறகு ஈழத்தமிழர் ஹீத்ரோவில் இறங்கிப் புகலிடம் கேட்பது பெருகியிருந்தது. விசா வந்ததும் அந்தப் பாதை கொழும்பிலேயே அடைபட்டது. உயிருக்கு அஞ்சி ஓடும் ஒருவர் கொழும்பிலிருந்த பிரிட்டிஷ் உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போய், வரிசையில் நின்று, சுற்றுலாவுக்கோ படிப்புக்கோ போவதாகச் சொன்னால்தான் விசா கிடைக்கும். தஞ்சம் கேட்கப் போகிறேன் என்று சொன்னால் அதற்கு விசாவே இல்லை. அடுத்த ஆண்டு இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், நைஜீரியா, கானா ஆகியவற்றுக்கும் விசா அறிவிப்பு வந்தது. கெடு முடியுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பயணிகள் விமானங்களை மொய்த்ததால் 1986 அக்டோபரில் ஹீத்ரோ திணறியது. சென்னையிலிருந்து மகனைப் பார்க்கப் போகும் தாய்க்கும் விசா என்பது அந்த அக்டோபரிலிருந்துதான்.

விசா மட்டும் போதவில்லை. 1987 பிப்ரவரியில் தமிழர் அறுபது பேர் அளவில் ஹீத்ரோ வந்து புகலிடம் கேட்டார்கள். அரசு உடனே திருப்பி அனுப்ப முயன்றபோது, விமானத்தருகே அவர்களில் பலர் ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். படம் நாளிதழ்களில் வந்தது. நீதிமன்றம் திருப்பியனுப்புவதை நிறுத்திவைத்தது. விரைவிலேயே விமான நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம் இயற்றப்பட்டு, மார்ச் மாதம் முதலே செல்லும்படி ஆக்கப்பட்டது: சரியான காகிதம் இல்லாத பயணி ஒருவருக்கு 1,000 பவுண்டு அபராதம். 1991-ல் அது இரட்டிப்பானது. 1793-ல் கப்பல் தலைவர்மீது சுமத்திய கடமை விமான நிறுவனங்களின் தலையில் திரும்ப ஏறியது. அன்றிலிருந்து பிரிட்டனின் முதல் குடிவரவுச் சோதனை, சீருடை அணிந்த அரசு அதிகாரியிடம் நடப்பதில்லை. பயணி புறப்படும் ஊரில் போர்டிங் பாஸ் தரும் ஊழியரிடம் நடக்கிறது. அகதியா, அல்லவா என்று தீர்மானிக்க அவருக்குப் பயிற்சியும் இல்லை, தப்பாகத் தடுத்தால் தண்டனையும் இல்லை. தப்பாக ஏற்றினால்தான் நிறுவனத்துக்கு நட்டம்.

வந்துவிட்டவர்களை அடைத்துவைக்க இடம் போதாமல், எர்ல் வில்லியம் என்ற பழைய பயணக் கப்பலை ஹாரிச் துறைமுகத்தில் கட்டி மிதக்கும் தடுப்பு முகாமாக்கினார்கள். அதில் இருந்தவர்களில் தமிழர் பலர். 1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு தரைதட்டியது. அதன்பின் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். நீதிமன்றத்திலும் ஒரு முக்கியமான வழக்கு ஓடியது. புகலிடம் மறுக்கப்பட்ட தமிழர் ஆறு பேரின் வழக்கில், 1987 டிசம்பரில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: ஒருவர் மனத்தில் அச்சம் இருந்தால் போதாது, அந்த அச்சத்துக்குப் புறநிலையான ஆதாரமும் இருக்க வேண்டும். உலகெங்கும் அகதிச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இது. 1988 பிப்ரவரியில் அவர்களில் ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வெளிநாட்டிலிருந்துதான் மேல்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய விதி. 1989-ல் மேல்முறையீட்டு நடுவர் அவர்களின் அச்சம் நியாயமானதே என்று சொல்ல, ஐவரும் லண்டன் திரும்பினார்கள். 1991-ல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றமோ, அவர்களை அனுப்பியதில் பிரிட்டன்மேல் தவறில்லை என்றது.

இலங்கையருக்கு விசா கட்டாயமான அதே 1985-ல், ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தில் ஐந்து நாடுகள் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்க ஒப்பந்தமிட்டன. 1995 மார்ச்சில் அது செயலுக்கு வந்தது. பிரிட்டன் சேரவில்லை. அதனால்தான் பாரிசும் லண்டனும் ஒரே பயணத்தில் பார்க்க விரும்பும் சென்னைவாசி இரண்டு விசா எடுக்க வேண்டியிருக்கிறது. 1990-களில் லண்டனில் விமானம் மாறுபவர்களிலும் சில நாட்டவருக்கு இடைவழி விசா வந்தது. இன்னொரு புதுமைக்கும் இலங்கையே சோதனைக்களமானது: 2003-ல் பிரிட்டன் விசா விண்ணப்பதாரரின் கைரேகையை எடுக்கும் சோதனைத் திட்டம் கொழும்பில் தொடங்கியது. 2008-க்குள் அது உலகெங்கும் பரவியது. விண்ணப்பங்களை வாங்கும் வேலையும் அப்போதே தனியார் மையங்களுக்குப் போய்விட்டது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது. முடிவெடுப்பவரை விண்ணப்பதாரர் பார்ப்பதே இல்லை.

2008-ல் தொடங்கிய புள்ளிமுறை, வேலையையும் படிப்பையும் ஐந்து அடுக்குகளாக்கி வயது, சம்பளம், ஆங்கிலத் தேர்ச்சி, பட்டம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட்டது. 1973-ல் சுமார் 40 பக்கமாக இருந்த குடிவரவு விதிகள் 2020-க்குள் 1,100 பக்கங்களைத் தாண்டிவிட்டன. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறியபின், 2020 டிசம்பர் 31-உடன் ஐரோப்பியரின் தடையற்ற வருகையும் முடிந்தது. போலந்துக்காரரும் மதுரைக்காரரும் இன்று வேலைக்கு ஒரே படிவத்தை நிரப்புகிறார்கள்.

இன்றுள்ள வகைகளில் அதிகம் பேர் நாடுவது வருகையாளர் விசா. பொதுவாக ஆறு மாதம் தங்கலாம். சுற்றுலா, உறவினர் வீடு, வணிகக் கூட்டம், குறுகிய படிப்பு எல்லாம் இதில் அடங்கும். வேலை பார்க்கக் கூடாது. 2025 ஏப்ரல் நிலவரப்படி கட்டணம் 127 பவுண்டு. திரும்பி வருவார் என்று அதிகாரியை நம்பவைப்பதுதான் விண்ணப்பத்தின் உயிர்நாடி. அதற்காகவே வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, சொத்துப் பத்திரம், குடும்ப விவரம் என்று கட்டுக்கட்டாகக் காகிதம் சேர்கிறது. 2013-ல் இந்தியா, இலங்கை உள்ளிட்ட ஆறு நாட்டவரில் சிலரிடம் 3,000 பவுண்டு பிணைத்தொகை கேட்கும் திட்டம் அறிவிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அதே ஆண்டு கைவிடப்பட்டது. மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை உறுதிப் பத்திரமும், 28 நாள் தொடர்ந்து வங்கியில் இருந்த செலவுத்தொகையும் காட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் குடும்பத்தை உடனழைத்துச் செல்ல முடியாது. படிப்பு முடிந்தபின் வேலை தேட 2021-ல் வந்த பட்டதாரி விசா இருக்கிறது. திறன் பணியாளர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 2025 ஜூலையில் 41,700 பவுண்டாக ஏறியது. 18 முதல் 30 வயதுக்குட்பட்ட இந்தியப் பட்டதாரிகளில் ஆண்டுக்கு 3,000 பேர் வரை குலுக்கலில் தேர்வாகி இரண்டாண்டு போய்வரும் திட்டம் 2023-ல் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகும் இந்தியரும் இலங்கையரும் காசநோய்ச் சோதனைச் சான்று தர வேண்டும். நீண்டகால விசா பெறுவோர் பெரும்பாலும் மருத்துவச் சேவைக்கென ஆண்டுக்கு 1,035 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். மாணவருக்கு இது குறைவு.

புகலிடம் கேட்பவருக்கு என்று ஒரு விசா வகை இன்றும் இல்லை. 2021-ல் ஹாங்காங்கில் பிரிட்டிஷ் தேசியத் தகுதி பெற்றிருந்தவர்களுக்கும், 2022-ல் உக்ரைனியருக்கும் தனி வழி திறக்கப்பட்டது. ஏனையோர் எப்படியாவது பிரிட்டிஷ் மண்ணில் கால் வைத்தால்தான் விண்ணப்பிக்கலாம்.

விசா தேவையில்லாத நாட்டவருக்கும் இப்போது முன்னனுமதி உண்டு. மின்னணுப் பயண அனுமதி என்ற இந்த ஏற்பாடு 2023 நவம்பரில் கத்தார் நாட்டவரோடு தொடங்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்கர், ஆஸ்திரேலியர் உள்ளிட்டோருக்கும், ஏப்ரலில் ஐரோப்பியருக்கும் கட்டாயமானது. 10 பவுண்டாக இருந்த கட்டணம் அந்த ஏப்ரலிலேயே 16 ஆனது. கைபேசிச் செயலியில் முகத்தைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். இந்தியருக்கும் இலங்கையருக்கும் இது பொருந்தாது. அவர்கள் முழு விசாவே எடுக்க வேண்டும். விசாவும் தாளிலிருந்து கணினிக்கு மாறி வருகிறது. 2025 ஜூலையிலிருந்து மாணவர், பணியாளர் விசாக்களில் பலவற்றுக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டும் சீட்டு கிடையாது. இவை எதிலும் அடங்காதவர்கள் அயர்லாந்துக் குடிமக்கள். 1922-ல் தனி நாடான நாள்முதல் அயர்லாந்தும் பிரிட்டனும் பொதுப் பயணப் பகுதியாக இருந்து வருகின்றன. இரண்டாம் உலகப் போரையொட்டிய சில ஆண்டுகள் நீங்கலாக, டப்ளின்காரர் விசாவோ முன்னனுமதியோ இல்லாமல் லண்டனுக்குப் போய், தங்கி, வேலை பார்த்து வந்திருக்கிறார்.